பல்லுக்குள் தங்கிய கொள்ளைநோய்

ஃப்ளாரன்ஸ் நகரத்து லாரென்சியன் நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பன்னிரண்டு புத்தகங்கள், ஏறக்குறைய 2,500 ஓவியங்கள். மெக்சிகோவின் நாவா மக்களுடைய தெய்வங்கள், சந்தைகள், மருந்துகள், பறவைகள் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்த நூல் அது. பெர்னார்தினோ தெ சாஹகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி முன்னின்று நடத்தினார். எழுதியவர்களும் வரைந்தவர்களும் நாவா இளைஞர்கள். கள்ளிச்செடியில் வளரும் கோச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு எடுத்தார்கள். அவுரியைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கி நீலம் செய்தார்கள். நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த நிறங்கள் மங்கவில்லை. ஆனால் 11ஆம் புத்தகத்தில் வண்ணம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. 12ஆம் புத்தகத்தில் கறுப்புக் கோடுகளைத் தவிர அநேகமாக ஒன்றுமே இல்லை.

அந்தப் பக்கங்கள் 1576இல் மெக்சிகோ நகரின் வடபுறத்தில் இருந்த த்லாத்தெலோல்கோ கல்லூரியில் எழுதப்பட்டவை. வெளியே கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிற பாதைகள் அடைபட்டன, ஓவியர்களில் பலர் இறந்துபோயிருக்க வேண்டும், அதனால்தான் நிறம் நின்றது என்று இந்த ஓவியங்களை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். சாஹகுனுக்கு இது புதிய அனுபவமல்ல. 1545இல் வந்த கொள்ளைநோயின்போது த்லாத்தெலோல்கோவில் தாமே 10,000க்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்ததாகவும், முடிவில் தாமும் படுத்துச் சாவின் விளிம்புவரை போனதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

நிறமில்லாத அந்த 12ஆம் புத்தகம் ஸ்பானியப் படையெடுப்பின் வரலாறு. அதில் ஒரு படம் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது. பாய்களில் சிலர் கிடக்கிறார்கள். முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள். ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், இன்னொருவரால் தலையைத் தூக்க முடியவில்லை. ஒருவரருகில் மட்டும் ஒரு பெண் குனிந்து ஏதோ சொல்கிறாள். பேச்சைக் காட்டும் சுருள் அவள் வாயிலிருந்து புறப்படுகிறது. 1520இல் அஸ்தெக் பேரரசின் தலைநகரான தெனோச்தித்லானில் நுழைந்த பெரியம்மையின் படம் இது. அமெரிக்காவை ஸ்பெயின் வென்றது கிருமியால்தான் என்று சொல்லும் நூல்கள் பல இதைத்தான் காட்டுகின்றன.

அந்தக் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது மிகச் சுலபமாக முடிந்துவிடுகிற விளக்கம். நோய் தானாக வந்தது, உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லை, மக்கள் இறந்தார்கள் என்று மூன்று வரியில் ஒரு கண்டத்தின் பேரழிவைச் சொல்லிவிடலாம். அதில் எவரும் எதற்கும் பொறுப்பாக மாட்டார்கள். கிருமிகளை ஆராயும் அறிவியலே இன்று அந்த மூன்று வரியை ஏற்க மறுக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் செய்தி.

முதலில் ஒரு கணக்கு. கொலம்பஸ் வந்தது 1492இல். மறு ஆண்டே 17 கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், குதிரைகள், பன்றிகளோடு எஸ்பன்யோலா தீவுக்கு வந்து இறங்கினார்கள். இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது. ஆனால் பெரியம்மை அங்கே தலைகாட்டியது 1518 டிசம்பரில்தான். இடையில் இருபத்தாறு ஆண்டுகள்.

காரணம் அந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது. பெரியம்மைக் கிருமி உடலுக்குள் போன பிறகு பத்துப் பதினான்கு நாள் ஓசையில்லாமல் இருக்கும். பிறகு காய்ச்சல், கொப்புளம். மூன்று நான்கு வாரங்களில் நோயாளி இறந்திருப்பார் அல்லது வாழ்நாள் முழுவதற்குமான எதிர்ப்புச் சக்தியோடு எழுந்திருப்பார். விலங்குகளில் அது தங்குவதில்லை. ஸ்பெயினின் துறைமுகங்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டிருக்கும். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த கப்பலில் ஒருவருக்கு நோய் வந்தாலும் அடுத்தவருக்குத் தாவ வழியில்லை. கடலைக் கடக்க ஐந்தாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கரை தெரிவதற்குள் நோய் தானாகவே அணைந்துவிடும். அம்மை போடாத சிலர் ஒரே கப்பலில் வந்து, ஒருவரிலிருந்து ஒருவருக்கு நோய் சங்கிலியாக நீண்டால்தான் அது அக்கரை சேரும். போக்குவரத்து பெருகப் பெருக அந்த வாய்ப்பும் பெருகியது. கடைசியில் வந்து சேர்ந்தது.

அதற்குள் தீவில் என்ன நடந்திருந்தது? தீவின் தாயினோ மக்கள் தொடக்கத்தில் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்தச் சண்டைக்குள் போக வேண்டியதில்லை, ஸ்பானிய நிர்வாகம் தானே எடுத்த கணக்குகள் போதும். 1508இல் சுமார் 60,000 பேர். 1514இல், ஆட்களைக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக எண்ணியபோது, சுமார் 26,000. பெரியம்மை வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நிலை இது.

பொன் விளையும் பகுதிகளில் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறு மணி நிறையப் பொன்துகள் கொண்டுவந்து தர வேண்டும் என்று கொலம்பஸ் கட்டளையிட்டிருந்தார். ஆற்று மணலை அரித்து அவ்வளவு பொன் சேர்ப்பது பெரும்பாலோரால் முடியாத காரியம். மக்கள் மலைகளுக்கு ஓடினார்கள். மண்ணைக் குவித்து மரவள்ளி நட்டு வளர்த்த மேட்டு நிலங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. பிடிபட்டவர்கள் மாதக்கணக்கில் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். வீட்டில் பயிர் வைக்க ஆளில்லை, பிள்ளை பெறுவதும் குறைந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு காய்ச்சல்களும் இந்த ஆண்டுகளில் மக்களைக் கொன்றிருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்ட இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

1520இல், மெக்சிகோவில் படையெடுத்திருந்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸைப் பிடிக்க கியூபாவிலிருந்து அனுப்பப்பட்ட நார்வாயெஸின் படையோடு பெரியம்மை மெக்சிகோவின் கரையைத் தொட்டது. இலையுதிர் காலத்தில் தெனோச்தித்லானுக்குள் நுழைந்து அறுபது நாள் நீடித்தது என்று 12ஆம் புத்தகம் சொல்கிறது. அரியணை ஏறி ஏறக்குறைய எண்பது நாளே ஆன மன்னர் குயித்லாவாக் அதில் இறந்தார். அதே நோய் ஸ்பானியர்களின் முக்கியத் துணையான த்லாஷ்கலா மக்களிடமும் போனது. அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான மாஷிஷ்காட்சின் அதில்தான் மாண்டார். பெரியம்மை கட்சி பார்க்கவில்லை. நகரத்தின் முற்றுகை தொடங்கியது பல மாதம் கழித்து, 1521 மே மாதத்தில். சாபுல்தெபெக் ஊற்றிலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாயைப் படை உடைத்தது. உணவு வரும் ஏரிப் பாதைகளை அடைத்தது. ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தது.

நோய் எப்படிக் கொன்றது என்பதற்கும் நாவா எழுத்தர்கள் சாட்சி சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள், கவனிக்க ஆளில்லாமல் பட்டினியால் இறந்தவர்களும் பலர் என்று பதிந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் நோயாளியின் அருகே ஒரே ஒரு பெண் மட்டும் இருப்பதைப் பார்க்கும்போது இது புரியும். சோளத்தை ஊறவைத்து அம்மியில் அரைத்துத் தட்டினால்தான் அங்கே சாப்பாடு. அரைக்கிறவளும் தண்ணீர் எடுத்து வருகிறவளும் ஒரே வாரத்தில் படுத்தால், பிழைத்திருக்க வேண்டியவரும் பிழைக்க மாட்டார். அமெரிக்க வரலாற்றில் நோயின் இடத்தை 1970களில் வலியுறுத்தி எழுதிய ஆல்ஃப்ரெட் கிராஸ்பியும் இதைக் கவனித்துச் சொன்னவர்தான். அவர் நூல்களை மேலோட்டமாகப் படித்தவர்கள் எதிர்ப்புச் சக்தி பற்றிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியம்மையை நோயாக அடையாளம் காண்பதில் சிக்கல் இல்லை. 1545இலும் 1576இலும் வந்தவைதான் புதிர். நாவா மக்கள் அவற்றைக் கோகோலிஸ்ட்லி என்றார்கள். கொள்ளைநோய்களுக்கு அவர்கள் வழங்கிய பொதுப்பெயர் அது, எந்த நோய் என்பதற்கு அதில் துப்பு கிடையாது. 1545இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் இறந்தவர்களை 50 லட்சத்திலிருந்து 150 லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுகள் இவ்வளவு விரிந்திருப்பதற்குக் காரணம், தொடக்க மக்கள்தொகையே சர்ச்சைக்குரியது என்பது. 1576இல் மேலும் 20 லட்சம் பேர், அதாவது எஞ்சியிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய மெக்சிகோவில் பூர்வகுடிகள் சுமார் 10 லட்சம் பேரே இருந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு.

1576இல் ஒரு நல்ல மருத்துவர் அங்கே இருந்தார். மன்னர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவரான பிரான்சிஸ்கோ எர்னாந்தேஸ், மெக்சிகோவின் மூலிகைகளைத் தொகுக்க 1570இல் அனுப்பப்பட்டவர். நோய் பரவியதும் மெக்சிகோ நகரில் பூர்வகுடிகளுக்கென இருந்த சான் ஹோசே அரச மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். அலோன்சோ லோபெஸ் தெ இனோஹோசோஸ் என்ற அறுவை மருத்துவர் உடனிருந்து, பிறகு 1578இல் மெக்சிகோவிலேயே அச்சான தன் அறுவைச் சிகிச்சை நூலில் அதைப் பற்றி எழுதினார்.

அவர்கள் கண்டது இது. எரிக்கும் விடாக் காய்ச்சல். நாக்கு வறண்டு கறுத்திருக்கும். தீராத தாகம். சிறுநீர் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் போகும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். நாடி வேகமாகவும் பலவீனமாகவும் அடிக்கும். காதுக்குப் பின்னால் வலியுள்ள கட்டிகள், பிதற்றல், மூக்கிலும் காதிலும் இரத்தப் பெருக்கு. சில நாள்களில் மரணம். திறந்து பார்த்தால் கல்லீரல் வீங்கி இறுகியிருந்தது. படிக்கப் படிக்க, அந்த அறையில் நின்றவர்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. ஆனாலும் இன்றைய மருத்துவர் எவரும் இதைப் படித்துவிட்டு ஒரே நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. தைஃபஸ் என்றார்கள் சிலர், மஞ்சள் காமாலையோடு வரும் காய்ச்சல் என்றார்கள் வேறு சிலர். மெக்சிகோ மருத்துவர் ரொடோல்ஃபோ அகுன்யா-சோதோ, மரவளையங்களை ஆராயும் டேவிட் ஸ்டாலேயோடு சேர்ந்து 2002இல் வேறு திசையில் போனார். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவை நீண்ட கடும் வறட்சி பிடித்திருந்ததைப் பழைய டக்ளஸ் ஃபர் மரங்களின் வளையங்கள் காட்டின. வறட்சிக்கிடையே மழை பெய்த ஆண்டுகளில்தான் கோகோலிஸ்ட்லி வெடித்தது. மழையில் எலிகள் பெருகின, எலி சுமந்த உள்ளூர் வைரஸ் ஒன்று மனிதருக்குத் தாவியது என்பது அவர்கள் ஊகம். அது சரியென்றால் நோய் ஐரோப்பாவிலிருந்து வந்ததே அல்ல.

இந்த விவாதத்துக்கு நேரடிச் சான்று தெற்கே, வாஹாகா மாநிலத்து மலை ஒன்றிலிருந்து வந்தது. தெபோஸ்கோலூலா-யுக்குண்டா மிஷ்தெக் மக்களின் பழைய நகரம். 1552இல் மக்களை அங்கிருந்து கீழே பள்ளத்தாக்குக்கு இறக்கிக் குடியமர்த்தினார்கள். அதற்குப் பிறகு மலையில் எவரும் குடியேறவில்லை, எனவே கல்லறைகள் கலையாமல் இருந்தன. நகரின் பெரிய முற்றத்தின் உறுதியான தளத்தை உடைத்துக் குழிகள் வெட்டி, ஒரே குழியில் இரண்டு மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். ஊரின் நடுமுற்றத்தைப் பெயர்த்துப் புதைக்கும் அளவுக்கு அங்கே சாவு நெருக்கியிருந்தது.

பழைய டிஎன்ஏவை ஆராயும் யோஹன்னஸ் க்ராவுசெ, கிர்ஸ்டன் போஸ், அலெக்ஸாண்டர் ஹெர்பிக், ஓஷில்ட் வோகெனே ஆகியோரின் குழு அந்த எலும்புக்கூடுகளின் பற்களை எடுத்துக்கொண்டது. பல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பல்லின் நடுவே இருக்கும் கூழறைக்கு உயிரோடிருக்கும்வரை இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் கிருமி நிறைந்த நிலையில் ஒருவர் இறந்தால், இரத்தம் அந்த அறைக்குள்ளேயே காய்ந்து படிந்துவிடும். எனாமல் ஓடு அதை நூற்றாண்டுகளாக மூடிக் காக்கும். தூய அறையில், உடல் முழுவதும் மூடிய உடையோடு, பல்லைக் குறுக்காக அறுத்து உள்சுவரைச் சிறு துரப்பணத்தால் சுரண்டினால் சிட்டிகைப் பொடி கிடைக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களின் டிஎன்ஏ. இறந்தவரின் டிஎன்ஏ கொஞ்சம். கொன்ற கிருமியுடையது, இருந்தால், அதிலும் துளி.

முன்பெல்லாம் எந்தக் கிருமி என்று ஊகித்துக்கொண்டு அதை மட்டும் தேடுவார்கள். ஊகம் தவறினால் எதுவும் கிடைக்காது. இக்குழு மால்ட் என்ற கணினி நிரலை உருவாக்கியது. பொடியில் கிடைத்த ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும், அதுவரை முழுமையாகப் படிக்கப்பட்ட பாக்டீரியா மரபணுத் தொகுதிகள் அனைத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அது. எந்த முன்முடிவும் தேவையில்லை. முற்றத்துக் கல்லறையிலிருந்து 24 பேர், ஐரோப்பியர் வருமுன் புதைக்கப்பட்ட 5 பேர் என 29 பேரின் பற்களைச் சோதித்தார்கள். முற்றத்தில் கிடந்தவர்களில் 10 பேரிடம் சால்மொனெல்லா என்டெரிகா தென்பட்டது, அதில் பாராடைஃபி சி என்ற வகை. முந்தைய கால ஐவரிடமும் இல்லை. சுற்றியிருந்த மண்ணிலும் இல்லை. முடிவுகள் 2018 ஜனவரியில் வெளியாயின.

பாராடைஃபி சி நாம் அறிந்த டைஃபாய்டின் நெருங்கிய உறவு. குடலிலிருந்து இரத்தத்துக்குள் புகுந்து விடாக் காய்ச்சலைத் தருவது. இன்று அரிதாகிவிட்டது. நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் சுமார் 1200ஆம் ஆண்டில் இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்பிலும் இதே கிருமி கிடைத்திருக்கிறது. எனவே கொலம்பஸுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே அது ஐரோப்பாவில் இருந்தது. பன்றிகளுக்கு நோய் தரும் ஒரு சால்மொனெல்லாவும் இதே கிளையைச் சேர்ந்தது. கடலைத் தாண்டி வந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. ஆனாலும் இது ஒரே ஊரின் சான்று. மால்ட் டிஎன்ஏவை மட்டுமே பார்க்கும். தட்டம்மை, இன்ஃப்ளூயன்சா போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் அதன் கண்ணில் படாது. ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் சேர்ந்தே மக்களை வாட்டியிருக்கலாம். ஆய்வாளர்களே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், புதிர் தீர்ந்தது என்று அறிவித்தவை செய்தித்தாள்கள்தான்.

இந்தக் கண்டுபிடிப்பில் முக்கியமானது கிருமியின் பெயரைவிட அது பரவும் வழி என்று நினைக்கிறேன். பெரியம்மை மூச்சில் பரவும். சால்மொனெல்லா அப்படியல்ல. நோயாளியின் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாகத்தான் வாய்க்குப் போகும். குடிநீர் சுத்தமாக இருந்தால், வயிறு நிறைந்த உடலாக இருந்தால், ஒருவருக்கு நோய் வந்தால் இன்னொருவர் கஞ்சி வைத்துக் கொடுக்க முடிந்தால், அது ஒரு நாட்டையே காலி செய்யாது. 1545இல் மெக்சிகோவில் இவற்றுள் எது மிஞ்சியிருந்தது? என்கொமியெண்டா முறையில் ஊர் ஊராக மக்கள் ஸ்பானியத் தலைவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். வரியாகச் சோளமும் துணியும் போயின, உழைப்பும் போனது. வறட்சி வேறு. 1546இல் சகாதேகாஸில் வெள்ளி கிடைத்ததும் சுரங்கங்களுக்கு ஆள் தேவை இன்னும் கூடியது. 1550களில் சிதறியிருந்த ஊர்களைக் கலைத்து மக்களை நெருக்கமான புதிய ஊர்களில் குடியமர்த்தத் தொடங்கினார்கள். வரி வாங்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அது வசதி. 1545இன் நோய்க்கு இந்தக் குடியமர்த்தலைக் குற்றம் சொல்ல முடியாது, அது பிறகு வந்தது. ஆனால் 1576இன் நோய் வந்தபோது நாடெங்கும் அப்படிப்பட்ட ஊர்கள் இருந்தன. தண்ணீரில் பரவும் நோய்க்கு இதைவிட ஏற்ற சூழல் கிடைக்காது.

1576இல் எர்னாந்தேஸ் காலத்துச் சாட்சிகள் பதிந்துவைத்த ஒரு விவரம் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. நோய் முதலில் தாக்கியது பூர்வகுடிகளை. அடுத்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களை. பிறகு கலப்பினத்தவரை. கடைசியாகவே ஸ்பானியர்களை. பழைய உலகக் கிருமியோடு பழகிய உடல் தப்பும், பழகாத உடல் சாகும் என்பதுதான் முழு விளக்கம் என்றால், ஆப்பிரிக்கர்கள் ஸ்பானியர்களோடு சேர்ந்தல்லவா தப்பியிருக்க வேண்டும்? அவர்களும் பழைய உலகத்தவர்தான். அந்த வரிசை அப்படியே உழைப்பின் வரிசை, உணவின் வரிசை.

அதே சான் ஹோசே மருத்துவமனையின் புதைகுழிகள் மெக்சிகோ நகரில் மெட்ரோ பாதை தோண்டியபோது வெளிப்பட்டன. அங்கே கிடைத்த மூன்று ஆண்களின் பற்கள் மேற்கு ஆப்பிரிக்க வழக்கப்படி அராவிக் கூராக்கப்பட்டிருந்தன. பல்லிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதமும் மரபணுவும் அவர்கள் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் என்பதை உறுதிசெய்தன. 2020இல் வெளியான அந்த ஆய்வில் ஒருவரிடம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இன்னொருவரிடம் யாஸ் என்ற தோல்நோய்க் கிருமியும் தெரியவந்தன. ஹெபடைட்டிஸ் கிருமியின் வகை ஆப்பிரிக்காவில் காணப்படுவது. அடிமைக் கப்பலின் கீழ்த்தட்டில் அடைத்து ஏற்றியபோது நோய்களும் கூடவே ஏறின. எலும்புகளில் மிகு உழைப்பால் தசைகள் இழுத்த தழும்புகள் இருக்கின்றன. ஒருவர் உடலில் செம்புக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. மூவருமே இளவயதில் இறந்தவர்கள்.

கிருமியைத் தேடுகிறவர்களும் பட்டினியைத் தேடுகிறவர்களும் இப்போது ஒரே பல்லை எடுத்து வேலை செய்ய முடிகிறது. குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போது உணவு நின்றாலோ கடும் நோய் வந்தாலோ வளர்ச்சி தடைபட்டு, பல்லின் மேல் குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் கோடு மறையாது. பல்லின் அடியிலிருந்து கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தால், எந்த வயதில் அது விழுந்தது என்று சொல்லிவிடலாம். கூழறைப் பொடியில் கடைசிக் காய்ச்சலின் கிருமி இருக்கும். எனாமலில் அதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் முன்பு பிள்ளையாக இருந்தபோது வந்த பஞ்சமோ நோயோ பதிந்திருக்கும். கோகோலிஸ்ட்லியில் இறந்தவர்களின் பற்களில் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் அடுத்து நடக்க வேண்டிய வேலை.